பிறந்த குழந்தையின் சில துளி ரத்தம்: பரிசோதனை முடிந்த பிறகு அது எங்கே போகிறது?

பிறந்த குழந்தைகளிடம் எடுத்த ரத்தத்தை அரசு ஆய்வகங்கள் பல ஆண்டுகள் சேமித்து வைக்கின்றன, ஆராய்ச்சியாளர்களுக்குத் தருகின்றன, சில இடங்களில் காவல்துறைகூட அதைக் கேட்டு வாங்கியிருக்கிறது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு விதமான குரல்கள் எழுகின்றன. "பெற்றோரைக் கேட்காமல் குழந்தையின் ரத்தத்தை எப்படி வைத்துக்கொள்ளலாம்?" என்கிறது ஒன்று. "அதனால்தானே இத்தனை நோய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிகிறது?" என்கிறது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் பரிசோதனை, சேமிப்பு, ஆராய்ச்சி என்ற மூன்று தனித்தனி வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் பேச்சு முன்னேறுவதில்லை. அந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எடுப்பது என்ன, எதற்காக

சில நோய்கள் குழந்தை பிறக்கும்போது வெளியே தெரிவதில்லை. குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், அழும், தூங்கும். அறிகுறி தெரியும் நாளில் மூளைக்கோ உறுப்புகளுக்கோ ஏற்பட்ட சேதத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. பீனைல்கீட்டோனூரியா என்ற நோய் இதற்குப் பழைய உதாரணம். உணவில் உள்ள பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை இந்தக் குழந்தைகளின் உடலால் சிதைக்க முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். 1934-ல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இந்த நோயை அடையாளம் கண்டார். பீனைல்அலனின் குறைந்த உணவைப் பிறந்த சில நாட்களிலேயே தொடங்கிவிட்டால் பாதிப்பைத் தடுக்கலாம் என்பது பின்னால் தெரிந்தது. பிரச்சினை என்னவென்றால், அறிகுறி வரும் முன்பே இந்தக் குழந்தைகளைக் கண்டுபிடிக்க வழி இல்லை.

அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி அந்த வழியைக் கண்டுபிடித்தார். குழந்தையின் குதிகாலில் குத்தி, சில துளி ரத்தத்தைத் தடித்த வடிதாளில் ஊறவைத்து, உலர்த்தி, தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை அது. அவருடைய சோதனை 1963-ல் வெளியானது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. இன்றும் பல நாடுகளில் அந்த அட்டைக்கு 'கத்ரி அட்டை' என்றே பெயர்.

அப்புறம் பட்டியல் நீண்டது. பிறவித் தைராய்டு குறைபாடு, அரிவாள் செல் நோய், கேலக்டோசீமியா, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1990-களில் டேண்டம் நிறை நிறமாலைமானி (ரத்தத்தில் உள்ள வேதிப்பொருள்களை அவற்றின் நிறையை வைத்துப் பிரித்து அளக்கும் கருவி) ஆய்வகங்களுக்கு வந்தபோது, ஒரே சின்னத் துண்டிலிருந்து பல டஜன் வளர்சிதை மாற்ற நோய்களை ஒருசேரப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு நோயும் அரிதுதான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அரிதல்ல. அமெரிக்காவில் ஏறத்தாழ 300 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தப் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது.

அட்டையில் மிஞ்சுவது

நடைமுறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம். மிச்சம் என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது.

குழந்தை பிறந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் செவிலியர் அதன் பாதத்தைச் சூடான துணியால் இதமாக்குகிறார். குதிகாலின் பக்கவாட்டில் குத்துகிறார், நடுவில் அல்ல. முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் பெரிய துளியை அட்டையில் அச்சிட்ட வட்டத்தில் படவைக்கிறார். ரத்தம் தாளின் மறுபக்கம் வரை ஊற வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முறை தொட்டால் மாதிரி கெட்டுவிடும். பெரும்பாலான அட்டைகளில் ஐந்து வட்டங்கள் இருக்கும். நிரப்பிய அட்டையை வெயில் படாமல், படுக்கைவாட்டில், குறைந்தது மூன்று மணி நேரம் காயவைக்கிறார்கள். அதே அட்டையில் தாயின் பெயர், குழந்தையின் எடை, பிறந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் ஆகியவையும் எழுதப்படும்.

ஆய்வகத்தில் ஒரு கருவி அந்த வட்டத்திலிருந்து 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குட்டித் துண்டுகளை வெட்டி எடுக்கும். ஒரு துண்டில் உள்ள ரத்தம் ஏறக்குறைய 3 மைக்ரோலிட்டர்தான். சோதனைகளுக்குச் சில துண்டுகள் போதும். மறுசோதனை தேவைப்படலாம் என்பதால்தான் ஐந்து வட்டங்களையும் நிரப்பச் சொல்கிறார்கள். ஆகவே பெரும்பாலான குழந்தைகளின் அட்டையில் சோதனை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வட்டம் ரத்தம் மிஞ்சிவிடுகிறது. உலர்ந்த ரத்தத்தில் டிஎன்ஏ பல பத்தாண்டுகள் தாங்கும். அமினோ அமிலங்கள், சில புரதங்கள் அறை வெப்பநிலையில் மெல்லச் சிதையும். அதனால் பெரிய சேமிப்பகங்கள் அட்டைகளை மைனஸ் 20 டிகிரியில் வைக்கின்றன.

எத்தனை நாள் வைப்பது என்பதில் உலகம் ஒரே மாதிரி இல்லை. நெதர்லாந்தில் ஐந்து ஆண்டுகள். டென்மார்க் 1982 முதல் பிறந்த குழந்தைகளின் அட்டைகளைத் தேசிய உயிரிவங்கியில் காலவரையின்றி வைத்திருக்கிறது. ஸ்வீடனில் 1975 முதல் உள்ளவை இருக்கின்றன. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்கள் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ அழித்துவிடுகின்றன. மிச்சிகனில் 1984 முதல் உள்ள அட்டைகளைச் சேமிக்கத் தொடங்கினார்கள், வைத்திருக்கும் வரம்பு 100 ஆண்டுகள் வரை.

மிஞ்சிய ரத்தத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்

'ஆராய்ச்சி' என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நான்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

1. ஆய்வகத் தரக் கட்டுப்பாடு. கருவி சரியாக அளக்கிறதா என்று பழைய மாதிரிகளை வைத்துச் சரிபார்ப்பது. இதைத் தவிர்க்க முடியாது, பெரும்பாலும் யாரும் எதிர்ப்பதும் இல்லை.

2. புதிய சோதனைகளை உருவாக்குவது. பட்டியலில் ஒரு நோயைப் புதிதாகச் சேர்க்கும் முன், உண்மையான பிறந்த குழந்தை ரத்தத்தில் அந்தச் சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. மக்கள்தொகைக் கண்காணிப்பு. ஒரு தொற்றோ நச்சுப் பொருளோ சமூகத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளப்பது.

4. நோய்களின் காரணங்களைத் தேடுவது. வளர்ந்த பிறகு ஒரு நோய் வந்தவர்களின் பிறப்பு ரத்தத்தில் அதற்கான தடயம் ஏதாவது இருந்ததா என்று திரும்பிப் பார்ப்பது.

கீழே போகப் போக ரத்தம் எடுத்த நோக்கத்திலிருந்து தூரம் கூடுகிறது. பெற்றோரிடம் கேட்க வேண்டிய கட்டாயமும் அதே அளவுக்குக் கூடுகிறது என்பது என் கருத்து. முதல் வேலைக்குத் தனி அனுமதி கேட்பது தேவையற்றது. நான்காவது வேலைக்குக் கேட்காமல் இருப்பது தவறு. இடையில் உள்ள இரண்டும்தான் வாதத்துக்குரியவை.

இந்த ரத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்

மருத்துவ ஆராய்ச்சியில் வழக்கமாக நோய் வந்த பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். அதில் காணும் மாற்றம் நோய்க்குக் காரணமா, நோயால் வந்ததா, சாப்பிட்ட மருந்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். பிறப்பு அட்டையில் இந்தச் சிக்கல் இல்லை. நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, யாருக்கு வரும் என்று எவருக்கும் தெரியாத நேரத்தில் எடுத்த மாதிரி அது.

இன்னொன்று, எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஆய்வில் தாமாக முன்வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், ஓய்வு நேரம் உள்ளவர்கள். பிறப்பு அட்டையிலோ ஒரு நாட்டில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ அத்தனை பேரும் வந்துவிடுகிறார்கள். அரிய நோய்களை ஆராய்வதற்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைப்பது அரிது.

ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியைப் பார்த்தால் இது தெளிவாகும். சில வகைக் குழந்தை ரத்தப் புற்றுநோய்களில் இரண்டு மரபணுக்கள் உடைந்து, தவறாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டு விழும் துல்லியமான இடம் நோயாளிக்கு நோயாளி வேறுபடும். அதாவது ஒவ்வொரு குழந்தையின் புற்றுநோய்க்கும் தனக்கே உரிய ஒரு டிஎன்ஏ வரிசை உண்டு. பிரிட்டனில் மெல் கிரீவ்ஸ் குழுவினர் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: நோய் கண்டறியப்பட்ட குழந்தையின் புற்றுநோய் செல்லில் உள்ள அதே வரிசை, அக்குழந்தையின் பிறப்பு அட்டையில் இருக்கிறதா?

1997-ல் பதில் கிடைத்தது. 5 மாதம் முதல் 2 வயதுக்குள் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் பிறப்பு அட்டைகளில் அந்த வரிசை இருந்தது. 1999-ல், 2 முதல் 5 வயதுக்குள் நோய் வந்த குழந்தைகளிலும் பலரின் அட்டைகளில் வேறொரு மரபணு ஒட்டு இருப்பதைக் காட்டினார்கள். குழந்தை கருவில் இருக்கும்போதே முதல் அடி விழுந்துவிட்டது, ஆனால் நோய் வெளிப்பட ஆண்டுகள் ஆகின என்பது இதன் பொருள். ஆரோக்கியமாக வளரும் குழந்தைகளிலும் சிலரிடம் பிறக்கும்போதே இந்த ஒட்டு இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது என்பது பின்னர் தெரியவந்தது. அப்படியானால் பிறந்த பிறகு நிகழும் இரண்டாவது அடி எது என்ற கேள்வி பிறக்கிறது. ரத்தப் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று இன்று நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தது. உயிரோடு இருக்கும் குழந்தையை ஒரு முறைகூடக் குத்தாமல், பழைய தாள் துண்டுகளை வைத்துக் கண்டறிந்தது இது.

மற்றொன்று, கடும் கூட்டு நோய் எதிர்ப்புக் குறைபாடு. இந்தக் குழந்தைகளின் உடலில் டி செல்கள், அதாவது கிருமிகளை எதிர்க்கும் ஒரு வகை ரத்த வெள்ளணுக்கள், உருவாவதில்லை. பிறக்கும்போது நலமாகவே தெரிவார்கள். சிகிச்சை இல்லையென்றால் சாதாரணத் தொற்றுகளே முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் உயிரைப் பறித்துவிடும். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பு மருந்துகூட இவர்களுக்கு ஆபத்து. டி செல்கள் உருவாகும்போது துணைப் பொருளாக ஒரு வளைய வடிவ டிஎன்ஏ துண்டு உண்டாகும். அது ரத்தத்தில் இல்லையென்றால் டி செல் உற்பத்தி இல்லை என்று அர்த்தம். அமெரிக்க மருத்துவர் ஜெனிஃபர் பக்கும் உடன் பணியாற்றியவரும் 2005-ல் இந்தச் சோதனையை உலர்ந்த ரத்தப் புள்ளியிலேயே செய்ய முடியும் என்று காட்டினார்கள். நோய் உறுதியான குழந்தைகளின் சேமித்த பிறப்பு அட்டைகளும் அதற்கு உதவின. 2008-ல் விஸ்கான்சின் மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையைத் தொடங்கியது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் முடிவுகளைத் தொகுத்த 2014 ஆம் ஆண்டு ஆய்வு, ஏறத்தாழ 58,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. மூன்றரை மாத வயதுக்கு முன்பே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள் என்று அதே ஆண்டு வந்த மற்றொரு ஆய்வு காட்டியது. இதில் ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். டென்மார்க்கில் பிறப்பு அட்டைகளை நாட்டின் மருத்துவப் பதிவேடுகளோடு இணைத்து மனநல நோய்களை ஆராய்கிறார்கள். ஆட்டிசத்தோடு தொடர்புடைய, பலரிடமும் காணப்படும் மரபணு மாறுபாடுகளை முதன்முதலில் உறுதியாக அடையாளம் கண்ட 2019 ஆம் ஆண்டு ஆய்வு பெருமளவு இந்த அட்டைகளை நம்பியிருந்தது. நியூயார்க்கில் 1997 முதல் 2007 வரை பிறந்த குழந்தைகளின் அட்டைகளில், ஒட்டாத பூச்சுகளிலும் கறை பிடிக்காத துணிகளிலும் பயன்படும் சில ஃபுளோரின் ரசாயனங்களை அளந்தார்கள். தயாரிப்பாளர் அவற்றைக் கைவிடத் தொடங்கிய 2000-க்குப் பிறகு குழந்தைகளின் ரத்தத்திலும் அவை குறைந்தது தெரிந்தது. ஒரு ரசாயனத்தைக் கைவிட்டதன் பலன் குழந்தைகளைச் சென்றடைந்ததா என்று நேரடியாகச் சொல்லும் சான்று அது.

எதிர்பார்த்தது நடக்காத ஆய்வுக்கும் மதிப்பு உண்டு. மரபணு வரிசைப்படுத்தல் வந்துவிட்டதால் பழைய வேதிச் சோதனையே தேவையில்லை என்று பலர் பேசினார்கள். கலிஃபோர்னியாவின் சேமித்த அட்டைகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. வளர்சிதை மாற்ற நோய்களைப் பிடிப்பதில் நிறை நிறமாலைமானியின் திறன் 99 சதவீதம், மரபணு வரிசைப்படுத்தலின் திறன் 88 சதவீதம். அவசரப்பட்டு மாற்றியிருந்தால் பல குழந்தைகள் தவறியிருப்பார்கள்.

சிக்கல் எங்கே வெடித்தது

இவ்வளவு பயன் இருக்கும்போது பெற்றோர் ஏன் நீதிமன்றம் போனார்கள்? ஆராய்ச்சி நடந்தது என்பதைவிட, தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே அவர்களைக் கொதிக்க வைத்தது.

டெக்சாஸில் 2009-ல் பெற்றோர் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2002 முதல் மாநிலம் அட்டைகளை அழிக்காமல் சேமித்து வந்தது, யாருக்கும் சொல்லவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஏறத்தாழ 53 லட்சம் மாதிரிகளை அழிக்க மாநிலம் ஒப்புக்கொண்டது. சமரசத்துக்குப் பிறகு 2010-ல் மற்றொரு செய்தி வெளியானது: அடையாளம் நீக்கிய சுமார் 800 மாதிரிகள், தடயவியல் டிஎன்ஏ தரவுத்தளம் ஒன்றை உருவாக்க ராணுவ ஆய்வகத்துக்குப் போயிருந்தன. குழந்தை நலத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. அதற்குப் பிறகு, முன் அனுமதி இல்லாமல் வெளி ஆராய்ச்சிக்குத் தரக்கூடாது என்று மாநிலம் சட்டத்தை மாற்றியது.

மினசோட்டாவிலும் கதை ஏறத்தாழ இதேதான். 2011-ல் மாநில உச்ச நீதிமன்றம், பிறப்பு ரத்த மாதிரிகள் மாநிலத்தின் மரபணுத் தனியுரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று தீர்ப்பளித்தது. 2014 தொடக்கத்தில் 11 லட்சம் மாதிரிகள் அழிக்கப்பட்டன. அதே ஆண்டு மாநிலம் புதிய சட்டம் கொண்டுவந்தது. பெற்றோர் மறுக்காதவரை அட்டையைச் சேமிக்கலாம், ஆனால் வெளி ஆராய்ச்சிக்கு எழுத்துமூல ஒப்புதல் தேவை.

இந்த அழிப்புகள் எனக்கு வருத்தம் தருகின்றன. அந்த அட்டைகளைத் திரும்ப உருவாக்க முடியாது. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் வரும் நோய்களை இனி அவர்களின் பிறப்பு ரத்தத்தில் தேட வழியில்லை. ஆனால் பழியை வழக்குப் போட்ட பெற்றோர் மேல் போடுவது சரியல்ல. மருத்துவமனையில் ஒரு பக்கத் தாளில் விளக்கிச் சொல்லியிருந்தால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

காவல்துறை உள்ளே வரும்போது

ஸ்வீடனின் வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் 2003 செப்டம்பரில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். சந்தேக நபரின் டிஎன்ஏவை ஒப்பிட, காவல்துறை அவருடைய பிறப்பு ரத்த மாதிரியை உயிரிவங்கியிலிருந்து பெற்றது. குற்றவாளி பிடிபட்டார். ஆனால் குழந்தை நலத்துக்கு என்று சொல்லி வாங்கிய மாதிரி குற்றப் புலனாய்வுக்குப் போகலாம் என்பது அன்று நாட்டுக்கே தெரிந்தது. 2004 டிசம்பர் சுனாமியில் 500-க்கும் மேற்பட்ட ஸ்வீடன் நாட்டவர் இறந்தபோது, உடல்களை அடையாளம் காண இதே அட்டைகளைப் பயன்படுத்தத் தற்காலிகமாகச் சட்டத்தை மாற்றினார்கள். இந்த இரண்டாவது பயன்பாட்டை எதிர்ப்பவர்கள் குறைவு. நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி பெற்றுச் செய்தது அது.

நியூ ஜெர்சியில் 2022-ல் வெளியான விவகாரம் இன்னும் சங்கடமானது. 1996-ல் நடந்த ஒரு பாலியல் குற்றத்தை விசாரித்த காவல்துறை, ஒரு குழந்தையின் பிறப்பு ரத்த மாதிரியை ஆய்வகத்திலிருந்து பெற்று, அதன் வழியாகத் தந்தையைச் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவந்தது. மாநிலம் மாதிரிகளை 23 ஆண்டுகள் வைத்திருந்தது பெற்றோருக்குத் தெரியாது. 2024-ல் விதி மாறியது. நோய் இல்லை என்று வந்த குழந்தைகளின் மாதிரிகளை இப்போது இரண்டு ஆண்டுகள் மட்டுமே வைக்கிறார்கள்.

குற்றவாளி தப்பக்கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனால் காவல்துறைக்குப் பயந்து ஒரு பெற்றோர் குதிகால் பரிசோதனையையே மறுத்தால், விலை கொடுப்பது அந்தக் குழந்தை. இந்தக் கதவை ஆராய்ச்சி ஒப்புதல் படிவத்தால் அடைக்க முடியாது. சட்டத்தால்தான் முடியும்.

பெயரை நீக்கிவிட்டால் போதுமா

ஆராய்ச்சியாளரிடம் அட்டை போகும் முன் பெயரை எடுத்துவிடுகிறோம் என்று சொல்வார்கள். இதில் இரண்டு நிலைகள் உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக்கூடாது.

1. குறியிட்ட மாதிரி. பெயருக்குப் பதில் ஒரு எண் இருக்கும். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு ஆய்வில் பங்கேற்காத மூன்றாம் தரப்பிடம் இருக்கும். ஆராய்ச்சியாளருக்குப் பெயர் தெரியாது. தேவையானால் திரும்பிக் கண்டுபிடிக்கலாம்.

2. முழுவதும் துண்டித்த மாதிரி. தொடர்பே அழிந்துவிடும். யாருடையது என்று சேமிப்பகத்துக்கும் தெரியாது.

இரண்டாவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் தொடங்கிய எச்ஐவி கணக்கெடுப்பு அந்த எண்ணத்தைச் சோதித்துவிட்டது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் இருக்கும். எனவே குழந்தையின் அட்டையைச் சோதித்தால் தாய்க்குத் தொற்று உண்டா என்று தெரியும். பெயர்களை முழுவதும் துண்டித்துவிட்டு, நாடு முழுவதும் எத்தனை தாய்மாருக்குத் தொற்று இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். கொள்ளைநோயின் பரவலை அறிய அது பெரிதும் உதவியது. ஆனால் கர்ப்பகாலத்திலும் பிரசவத்தின்போதும் பிறந்த பிறகும் ஜிடோவுடின் மருந்து கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றுவது ஏறத்தாழ 25 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைகிறது என்று 1994-ல் தெரிந்தது. இதற்குப் பிறகு, ஒரு அட்டையில் எச்ஐவி இருக்கிறது என்று ஆய்வகத்துக்குத் தெரிகிறது, அந்தத் தாயிடம் சொல்ல வழியில்லை என்ற நிலையை எப்படி ஏற்பது? 1995-ல் கணக்கெடுப்பு நிறுத்தப்பட்டது. முழு அநாமதேயம் தனியுரிமையைக் காக்கும். உதவி செய்யும் வழியையும் சேர்த்தே அடைத்துவிடும்.

மறுபுறம், டிஎன்ஏ இருக்கும்போது அநாமதேயம் முழுமையாக இருக்கவும் முடியாது. 2013-ல் ஒரு ஆய்வுக் குழு, பெயரில்லாமல் பொதுவில் வெளியிட்டிருந்த மரபணுத் தரவுகளை வம்சாவளி இணையதளங்களோடு ஒப்பிட்டு ஏறத்தாழ 50 பேரை அடையாளம் கண்டுவிட்டது. அதனால் 'பெயர் இல்லை, எனவே ஒப்புதல் தேவையில்லை' என்ற வாதம் 1990-களில் இருந்த வலுவோடு இன்று இல்லை.

ஒப்புதல் பெறுவதில் மூன்று வழிகள்

1. கேட்காமலே பயன்படுத்துவது. சட்டம் அனுமதிக்கலாம். டெக்சாஸும் மினசோட்டாவும் காட்டியதுபோல இந்த வழி நீடிப்பதில்லை.

2. மறுக்காவிட்டால் சம்மதம் என்று கொள்வது. டென்மார்க், நெதர்லாந்து போன்ற நாடுகளின் வழி. ஏறத்தாழ எல்லோரும் உள்ளே இருப்பார்கள். ஆனால் மறுக்கும் உரிமை இருப்பது பெற்றோருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இது முதல் வழியேதான்.

3. கேட்டு, எழுதி வாங்கிய பிறகே பயன்படுத்துவது. மிச்சிகனில் 2010 மே முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு இப்படி எழுத்தில் கேட்கிறார்கள்.

மூன்றாவது வழிக்கு ஒரு விலை உண்டு. கையெழுத்திடாதவர்கள் எல்லாத் தரப்பிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மொழி தெரியாத தாய், குறைப்பிரசவத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தையின் பெற்றோர், அரசை நம்பாதிருக்க நல்ல காரணம் உள்ள சமூகத்தினர் ஆகியோர் கூடுதலாக விடுபடுவார்கள். பிறகு வரும் ஆய்வு முடிவுகள் அவர்களுடைய குழந்தைகளுக்குப் பொருந்தாமல் போகலாம். எல்லோரும் இருக்கிறார்கள் என்ற அந்தப் பெரிய பலம் அங்கே தேய்கிறது.

கேட்கும் நேரமும் ஒரு பிரச்சினைதான். பிரசவம் முடிந்து சில மணி நேரமே ஆன, தூக்கமில்லாத, வலியிலிருக்கும் ஒருவரிடம் படிவத்தை நீட்டி வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே விளக்கிவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு முடிவை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். மிச்சிகனில்கூடப் படிவம் மட்டும் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. 2018-ல் அங்கும் வழக்கு வந்தது. அதன் ஒரு பகுதியைத் தீர்க்க 2022-ல் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய ரத்தப் புள்ளிகளை அழிக்க மாநிலம் ஒப்புக்கொண்டது. ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டால் போதாது, சேமிப்பதற்கும் தனியாகக் கேட்க வேண்டும் என்பது அங்கே கிடைக்கும் பாடம்.

ஒப்புதல் தந்தது பெற்றோர், ரத்தம் குழந்தையுடையது. 18 வயதில் அந்தக் குழந்தை தன் முடிவைத் தானே எடுக்க வழி வேண்டும். மிச்சிகன் இதை அனுமதிக்கிறது. பல இடங்களில் இந்தக் கேள்வியே எழவில்லை.

இரண்டாவது, மூன்றாவது வழிகளில் எது நல்லது என்று கேட்டால், நாட்டைப் பொறுத்தது என்பேன். பதிவேடுகள் திறந்த நிலையில் இருந்து, மறுப்பதும் எளிதாக இருக்கும் நாட்டில் இரண்டாவது வழி நியாயமாகவே நடக்கும். நம்பிக்கை ஏற்கெனவே உடைந்த இடத்தில் மூன்றாவது வழியைத் தவிர வேறில்லை, ஆராய்ச்சி கொஞ்சம் மெதுவானாலும் சரி. இரண்டு இடத்திலும் பரிசோதனையை மட்டும் இந்தப் பேரத்துக்குள் இழுக்கக்கூடாது. ஆராய்ச்சிக்கு மறுத்தாலும் சோதனை முழுமையாக நடக்கும் என்பதைப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. அட்டையை எத்தனை ஆண்டுகள் வைப்பீர்கள், எங்கே?

2. ஆராய்ச்சிக்குத் தருவதற்குத் தனி ஒப்புதல் உண்டா? இன்று சம்மதித்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா?

3. காவல்துறை கேட்டால் நீதிமன்ற ஆணை இல்லாமல் தருவீர்களா?

4. ஆய்வில் என் குழந்தையின் உடல்நலத்தைப் பற்றி முக்கியமானது தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா?

5. எங்கள் குடும்பத்தின் மருத்துவத் தேவைக்கு அட்டையைத் திரும்பக் கேட்டால் கிடைக்குமா?

ஐந்தாவது கேள்வியைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மிச்சிகனில் ஒரு வட்டத்தைக் குடும்பத்தின் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கி வைக்கிறார்கள். சைட்டோமெகலோ வைரஸ் தொற்று விஷயத்தில் அதன் அருமை தெரியும். ஏறத்தாழ 200 குழந்தைகளில் ஒன்று இந்தத் தொற்றோடு பிறக்கிறது. மரபணு சாராத காரணங்களில் குழந்தைகளின் கேட்கும் திறனை அதிகம் பாதிப்பது இதுதான். பல குழந்தைகளுக்குப் பிறக்கும்போது காது நன்றாகவே கேட்கும், குறைபாடு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வரும். அதற்குள் காலம் கடந்துவிடும். மூன்று வாரங்களுக்குப் பிறகு சிறுநீரிலோ எச்சிலிலோ வைரஸ் இருந்தால், அது கருவில் வந்ததா, பிறந்த பிறகு தொற்றியதா என்று பிரித்தறிய முடியாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏன் காது கேட்கவில்லை என்று தேடும் மருத்துவர் திரும்பிப் போய்ப் பார்க்க முடிந்தது பிறந்த மறுநாள் எடுத்த அந்த அட்டையைத்தான். அதில் வைரஸ் இருந்தால் காரணம் உறுதி. இல்லையென்று வந்தால் மட்டும் தொற்றே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. 2021-ல் வெளியான மினசோட்டா ஆய்வில், தொற்று உறுதியான குழந்தைகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேரை அட்டைச் சோதனை தவறவிட்டது. அந்தக் குறையைத் தெரிந்துகொண்டே, அமெரிக்காவில் முதல் மாநிலமாக 2023-ல் மினசோட்டா எல்லாக் குழந்தைகளின் அட்டையிலும் இந்த வைரஸைத் தேடத் தொடங்கியது.